அசலில் எடுத்த பெண்

அத்தியாயம் 11

போன வாரம் கோகிலவாணியை வெள்ளிமலை பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறாள்! கையில் ஸ்கேன் கவர், பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள் தமிழ்மொழி. 'இதோ வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன்' என்று போன புருஷன் கலையரசன் முக்கால் மணி நேரம் கழித்து ஜீப்போடு வந்து சேர்ந்தான்.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?"

"டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு."

டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. டாக்டரைப் பார்க்கத்தான் அவனுக்குக் கால் வரவில்லை. அது வாணிக்கு அப்போது தெரியாது. பிள்ளையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் தமிழு, "காதுக்குள்ள வண்டு கத்துதும்மா" என்றாள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். அழுக்கு எடுத்தார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று வாணியே இரண்டு தடவை முதுகில் வைத்தாள். கடைசியில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு காதுக்கும் உள்ளே, நரம்பில், கட்டி. புற்று இல்லை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரமாக வாணி சோறு தின்கிறாள்.

அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு வேலை. காலையில் கள்ளக்குறிச்சியில் டாக்டர். மத்தியானம் மூன்று மணிக்கு ரிஷிவந்தியத்தில், கொழுந்தன் ஜெயப்பிரகாஷுக்குப் பார்த்திருந்த பெண்ணுக்குப் பூ வைக்கிற விசேஷம். தேதியைத் தள்ளலாமே என்று வாணி கேட்டதற்கு மாமியார் ரங்கம்மாள் ஒரே போடாகப் போட்டாள்.

"நல்ல நாளு நமக்காக காத்துக்கினு இருக்குமா? நீங்க டாக்டர பாத்துட்டு அப்டியே வந்துடுங்க. நானும் ஜேப்பியும் தட்டு எடுத்துக்கினு பஸ்ல போயிடறோம். பூ வெக்கிறது மூத்த மருமவ. நீ இல்லாம ஆவாது."

டாக்டரோ மாதத்தில் ஒரே ஒரு புதன்கிழமைதான் வருவார். ஆக, இரண்டும் ஒரே நாளில் என்று ஆகிவிட்டது.

ஜீப் மலை இறங்கியது. வளைவுக்கு வளைவு கலையரசன் ஹாரன் அடித்தான். மற்ற நாளாக இருந்தால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். அன்றைக்கு ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளையை நினைத்துக் கலங்கிப்போயிருக்கிறான் என்று வாணிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம்தான் வந்தது, பாருங்கள்!

வாணியிடம் நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு பெருமை உண்டு. கலையரசனுக்குச் சொந்த அத்தை மகள் சந்தியா இருந்தாள். பிறந்த நாளிலிருந்து 'கலைக்குத்தான்' என்று சொல்லி வளர்த்த பெண். அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மலையை விட்டு இறங்கி, தியாகதுருகத்தில் யாரென்றே தெரியாத வாணியைத் தேடி வந்து கட்டினான். 'எம்புள்ள அத்த மகள வேணாம்னுட்டு இவளத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னான்' என்று ரங்கம்மாள் ஊரெல்லாம் சொல்லுவாள். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களில்கூட அதை நினைத்தால் வாணிக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். என்னத் தேடி வந்தான்ல?

கிளினிக் சேலம் ரோட்டில், ஒரு மாடியில். டாக்டர் நிஷாத் சென்னையிலிருந்து வந்தாலும் பிறந்தது கள்ளக்குறிச்சிதான். அப்பா கரீம் பாய்க்குக் கடைவீதியில் செருப்புக்கடை. குடும்பத்தில் வழிவழியாய் வருகிற நோய்களுக்கென்றே தனியாய்ப் படித்தவர் அந்தம்மா. தமிழுவை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நிற்க முடியாமல் பிள்ளை சாய்ந்தபோது தானே பிடித்துக்கொண்டார். ரத்தம் எடுக்க நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து மேஜைமேல் போட்டார்.

"ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம். செத்துப் போனவங்களுக்கு மேல ஒரு கோடு. யாருக்கு இன்னா ஒடம்புன்னு மறைக்காம சொல்லணும். வாணி, மொதல்ல உங்க பக்கம்."

வாணி சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரை. சித்திக்கு மூட்டு வலி. வட்டமும் கட்டமும் வெள்ளையாகவே இருந்தன.

"இப்ப அப்பா பக்கம்."

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லிங்க" என்றான் கலையரசன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"உங்கப்பா?"

"எறந்துட்டாருங்க."

"எப்டி?"

அவன் மேஜையைப் பார்த்தான். புருஷனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று வாணிதான் முந்திக்கொண்டாள்.

"குடிங்க டாக்டர். நான் மாமனார பாத்ததில்ல. எங்கப்பா விசாரிச்சப்பவே சொன்னாங்க. வழியெல்லாம் தள்ளாடிக்கினே போவாராம். கேணில விழுந்து செத்துட்டாராம்."

"வயசு?"

"நாப்பத்தி ரெண்டு."

"காது கேட்டுச்சா அவருக்கு?"

"கேக்காதுங்க. செவுட்டு பிச்சமுத்து வூடுன்னு சொன்னாத்தான் இன்னிக்கும் மலையில எங்க வூட்ட காட்டுவாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வாணியைப் பார்க்கவில்லை. கலையரசனைத்தான் பார்த்தார். 

"எங்கப்பா குடிச்சதில்ல" என்றான் அவன்.

வாணி திரும்பினாள். "இன்னா சொல்றீங்க?"

"ஒரு நாள் கூட தொட்டதில்ல. நடக்க வராது, தள்ளாடும். ஊர்ல குடின்னாங்க. குடின்னே இருக்கட்டும்னு எங்கம்மா சொல்லிடுச்சு." அவன் டாக்டரிடம்தான் பேசினான், வாணி பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. "குடிகாரன் புள்ளைக்கி பொண்ணு குடுப்பாங்க டாக்டர். நோவுக்காரன் புள்ளைக்கி யாரு குடுப்பாங்க?"

அடப்பாவி! செத்துப்போன மனுஷனைக் குடிகாரனாக்கி அல்லவா பெண் எடுத்திருக்கிறார்கள்! பதிமூன்று வருஷமாக அமாவாசைக்கு அமாவாசை மாமனார் போட்டோவுக்குப் பூப் போடும்போதெல்லாம், 'குடிச்சே குடும்பத்த அழிச்ச மனுஷன்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வாணி போட்டிருக்கிறாள்.

"வேற யாருக்கு?" டாக்டரின் குரல் மாறவில்லை.

"தாத்தாவுக்கு. தாத்தாவோட தங்கச்சி ஒருத்தருக்கு."

டாக்டர் கட்டங்களையும் வட்டத்தையும் பேனா மையால் நிரப்பிக்கொண்டே வந்தார். பிச்சைமுத்து. அதற்குமேல் தாத்தா. பக்கத்தில் தங்கச்சி. கீழே தமிழ்மொழி. நடுவில் கலையரசனின் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதைப் பேனாவால் தட்டினார்.

"உங்களுக்கு? இடது பக்கம் பேசினா திரும்ப மாட்டேங்கறீங்க, வந்ததுல இருந்து பாக்கறேன்."

"அது சின்ன வயசுல தேர்த்திருவிழாவுல வெடி வெடிச்சி..."

"ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இல்லிங்க."

"குடும்பத்துல இது இருக்குன்னு தெரியும். தெரிஞ்சும் கல்யாணம் பண்ணியிருக்கீங்க. இவங்ககிட்ட சொல்லல."

கலையரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் சும்மா இருந்துடல டாக்டர். சொந்தத்துல கட்டுனா தான் இதெல்லாம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. போர்டு எழுதி வெச்சிருக்காங்க ஆஸ்பத்திரில. எங்க அத்த மக இருந்தா. குடுக்கறேன் குடுக்கறேன்னு அத்த நடையா நடந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டு அசல்ல போயி பொண்ணெடுத்தேன். புது ரத்தம் கலந்தா நோவு நீத்துப்போவும்னு அம்மா சொல்லுச்சு. மோர்ல தண்ணி ஊத்துனா புளிப்பு கம்மியாவுற மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்?

தேடி வந்தது இதற்குத்தானா! அவள் முகத்தைப் பார்த்து இல்லை, குணத்தைப் பார்த்து இல்லை. சொந்தமில்லாத ஒருத்தியாக இருந்தால் போதும் என்று வந்திருக்கிறார்கள். தியாகதுருகத்தில் அந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் அவர்களுக்குக் காரியம் ஆகியிருக்கும். இத்தனை நாளும் தன்னைப் பெண்டாட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மருந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். வாணிக்கு அழுகை வரவில்லை. 

"வண்டி ஓட்டறவரு நீங்க, உங்களுக்கு புரியும்" என்றார் டாக்டர். "மலை எறங்கறீங்க. கால் பிரேக் ஒண்ணு, கை பிரேக் ஒண்ணு. ஒண்ணு புடிக்கலன்னா இன்னொண்ணு தாங்கும். நரம்புல கட்டி வளராம நிறுத்தறதுக்கும் ஒடம்புல ரெண்டு பிரேக் இருக்கு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. உங்க குடும்பத்துல ஒரு பிரேக் பொறக்கும்போதே பழுது. பாப்பாவுக்கு வாணி குடுத்தது நல்ல பிரேக்தான். ஆனா நரம்ப சுத்தி எத்தன லட்சம் செல்லு இருக்கு? எங்கியோ ஒண்ணுல அந்த நல்ல பிரேக்கும் தேஞ்சி போச்சின்னா, அங்க கட்டி கெளம்பிடும்."

"அப்ப புது ரத்தம்..."

"ரத்தத்துல புதுசு பழசு கெடையாது. உங்ககிட்ட இருக்கற நல்லது, பழுது ரெண்டுல எது புள்ளைக்கி போவுதுன்னு பூவா தலையா போட்டுப் பாக்கற மாதிரிதான். ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. எங்க ஜனங்களும் சொந்தத்துலதான் கட்டறோம், அந்த பயம் எனக்கும் தெரியும். செல நோவுக்கு அந்த பயம் சரி. இதுக்கு சொந்தமும் ஒண்ணுதான், அசலும் ஒண்ணுதான்."

வாணி இப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தாள். "சந்தியாவ கட்டியிருந்தா?"

"அந்தப் பொண்ணுகிட்ட இது இல்லன்னா இதே கணக்குதான். பாதிக்குப் பாதி."

மருந்தாக வாங்கினார்களே, அந்த மருந்துகூடக் கேட்கவில்லை. எல்லாமே வெட்டிக்கு நடந்திருக்கிறது!

"எங்க பாப்பா காது?" என்றாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "இடது பக்கம் பெருசா இருக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆவணும். அந்தக் காது நமக்கு கெடைக்காது. வண்டு கத்துதுன்னு சொன்னப்பவே வந்திருந்தா, கட்டி சின்னதா இருக்கும்போதே காப்பாத்த பாத்திருக்கலாம். வலது பக்கம் இன்னும் சின்னது. ஒரு ஊசி மருந்து இருக்கு, கொஞ்ச பேருக்கு சுருங்குது. அந்த ஒரு காதுக்காகத்தான் இப்ப நாம ஓடணும். அதுக்கு ஒரு நாளு கூட வீணாக்கக் கூடாது. பாப்பா ரத்தம் இன்னிக்கி சென்னைக்கு போவுது. அப்பாவுதும் கூட போனா எந்த இடத்துல பழுதுன்னு உறுதியா தெரிஞ்சிடும்."

"இன்னிக்கி ஒரு விசேஷம் டாக்டர்" என்றான் கலையரசன். "திங்கக்கெழம வந்து நர்ஸ்கிட்ட குடுத்துடறேன்."

டாக்டர் சீட்டில் 'திங்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். சீட்டை அவனிடம் கொடுக்காமல் வாணியிடம் கொடுத்தார்.

கீழே ஜீப்பில் ஏறும்போது தமிழு அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இன்னாம்மா சொன்னாங்க?"

"ஊசி போட்டா சரியாயிடும்னாங்க" என்றாள் வாணி. சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டில் பொய் சொல்வது எத்தனை சுலபமாக வருகிறது!

தியாகதுருகம் நெருங்கியது. மலைக்கோட்டை தெரிந்ததும் கலையரசன் வண்டியை மெதுவாக்கினான்.

"எறங்கறியா? உங்கம்மாவ பாத்துட்டு..."

"வேணாம். ரிஷிவந்தியம் போங்க."

அம்மா மடியில் போய் விழுந்து கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் ரிஷிவந்தியத்தில் ஒரு பெண் தலை சீவிப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அசலில் எடுத்த பெண். அவளும் தன்னைத் தேடி வந்தார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

"வாணி, அந்த பொண்ணு விஷயத்துல நான் உங்கிட்ட ஒண்ணு..."

"பேசாதீங்க. உங்க வாயில இருந்து இன்னிக்கி இன்னொரு வார்த்த வந்தா நான் வண்டில இருந்து குதிச்சிடுவேன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். பேசியிருந்தால் அன்றைய மத்தியானம் வேறு மாதிரி போயிருக்கும். போகட்டும்.

பெண் வீட்டு வாசலில் ரங்கம்மாள் தட்டுகளோடு காத்திருந்தாள். ஒன்பது தட்டு. பழம், பூ, வெற்றிலை பாக்கு, புடவை. வாணியைக் கண்டதும் ஓரமாக இழுத்துப் போனாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"மோர்ல தண்ணி ஊத்துனா புளிப்பு போவாதாம் அத்தே."

ரங்கம்மாளின் முகம் சுண்டிப்போனது. ஆனால் கெட்டிக்காரி, ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாணியின் முந்தானையைச் சரி செய்தாள், யாராவது பார்த்தால் அன்பான மாமியார் என்று நினைக்கிற மாதிரி.

"வூட்டுக்கு போயி என்ன அடி, வையி, வாங்கிக்கறேன். இங்க வாயத் தொறக்காத. ஒரு பொண்ணோட வாழ்க்க இது."

"எந்தப் பொண்ணோடது அத்தே?"

ரங்கம்மாள் திரும்பிக்கொண்டாள். பூத்தட்டை எடுத்து வாணி கையில் வைத்தாள்.

உள்ளே சமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் புதுச் சட்டையில் கூச்சப்பட்டுச் சிரித்தான். தமிழு ஓடிப்போய்ச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெண்ணின் அம்மா வாணியை வாசற்படியிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க உங்கள பாத்துத்தாம்மா பொண்ணு குடுக்கறோம். மூத்த மருமவ பதிமூணு வருஷமா சந்தோஷமா இருக்கான்னா, அந்த வூடு நல்ல வூடுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

வாணி கையை விடுவித்துக்கொண்டாள். "பொண்ணு எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

உள் அறையில் சுபஸ்ரீ பாயில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. மருந்துக்கடையில் வேலை. சுற்றி நின்ற பெண்களை வாணி ஒரு சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பூச்சரத்தை எடுத்து அந்தப் பெண்ணின் பின்னலில் வைப்பதுபோல் குனிந்து பேசினாள்.

"சுபா, நான் சொல்றத பதட்டப்படாம கேளு. நானு பூ வெக்க வரல. உனுக்கு ஒரு உண்மைய சொல்லத்தான் வந்தேன். எங்க வூட்டுக்காரரு வம்சத்துல ஒரு நோவு இருக்குது. நரம்புல கட்டி. காது போயிடும், நடை போயிடும். புள்ளைங்களுக்கும் வரும். உங்கிட்ட மறைச்சிட்டாங்க. எங்கிட்டயும் அப்டித்தான் மறைச்சாங்க. நீ இப்ப வேணாம்னு சொன்னாலும் தப்பில்ல."

சுபஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். அதிர்ச்சி ஒன்றும் இல்லை அவள் முகத்தில். வாணியின் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"எல்லாம் சொல்லிட்டாரு. பொண்ணு பாத்துட்டு போன அன்னிக்கி சாயங்காலமே போன் பண்ணி சொல்லிட்டாரு. அவருக்கு அவங்க அண்ணன் சொல்லியிருக்காரு. 'நான் செஞ்ச தப்ப நீ செய்யாத, அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல சொல்லிடு, அப்றம் அது சரின்னா கட்டு'ன்னு. எங்கம்மாவுக்குத்தான் நான் இன்னும் சொல்லல."

வாணி பாயில் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று தம்பிக்குச் சொல்லக் கலையரசனுக்குத் தெரிந்திருக்கிறது. தப்பு என்று தெரிந்திருக்கிறது. அந்தத் தப்பைத் தம்பியிடம் சொல்லி அழவும் தெரிந்திருக்கிறது. கட்டினவளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை!

சுபஸ்ரீ ஆறுதல் சொல்கிறாளாம், மேலும் பேசினாள். "அவருக்கு ஒண்ணும் இல்லியாம்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேலத்துல ஸ்கேன் எடுத்தாங்க இல்ல? இவருக்கு சுத்தமா இருந்துச்சாம். ரத்தம் குடுத்துப் பாத்துட்டா இன்னும் உறுதின்னாங்களாம், அத கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்துடலாம்னு இருக்கோம். உங்க வூட்டுக்காரருக்குத்தான் ரெண்டு பக்கமும் இருந்துச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. புள்ளைங்களுக்கும் ஒடனே பாக்கச் சொன்னாங்களாமே? பாப்பாவுக்கு அப்பவே பாத்துட்டீங்களாக்கா?"

வெளியே நாதஸ்வரம் இல்லை, மேளம் இல்லை. யாரோ செல்போனில் பக்திப் பாட்டு வைத்திருந்தார்கள். அது பாடிக்கொண்டே இருந்தது.

ரெண்டு வருஷம்.

அப்போது தமிழுவுக்கு இரண்டு காதும் கேட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடையேறிப் பாடினாள். அதற்கப்புறம் வண்டு கத்தியது. எட்டு மாதம் அந்த மனுஷன் பக்கத்திலேயே இருந்தான். பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தவனே அவன்தான். பிள்ளைத் தலையைத் தன் மடியில் சாய்த்து வைத்துச் சொட்டு மருந்து விட்டதும் அவன்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே விட்டிருக்கிறான். இன்று காலை டாக்டர் நேருக்கு நேர் கேட்டபோதும், 'இல்லிங்க' என்று சொல்லியிருக்கிறான்.

மருந்தாக எடுத்தார்கள், அதையாவது ஒரு நாள் மன்னித்திருப்பாள். பயந்தாங்கொள்ளி, அறியாதவன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள். இந்தக் காதை எப்படி மன்னிப்பது?

"அக்கா? நான் எதாச்சும் தப்பா..."

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்று எழுந்தாள் வாணி.

கூடத்துக்கு வந்தாள். ரங்கம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பூ வெச்சாச்சாம்மா?" என்றாள். வாணி அவளைத் தாண்டிப் போய், சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் முன்னால் நின்றாள்.

"சேலத்துல எடுத்த ஸ்கேன் எங்க?"

கலையரசனின் முகம் வெளிறிப்போனது.  யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

ஜெயப்பிரகாஷ்தான் முதலில் எழுந்தான். "அண்ணா... 'உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன், தமிழுவுக்கும் பாத்தாச்சி'ன்னு சொன்னியே. அப்பவே சொன்னியே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவைப் பார்த்தான்.

"இன்னா ஸ்கேன்? இன்னா நடக்குது இங்க?" பெண்ணின் அம்மா சம்பந்தி முகத்தையும் வாணி முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். 

ரங்கம்மாள் இனிமேல் மறைத்துப் பலனில்லை என்று கண்டுகொண்டாள். குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "அத நான்தான் அடுப்புல வெச்சேன். எம்புள்ள உங்கிட்ட காட்டணும்னுதான் எடுத்துக்கினு வந்தான். நான்தான் புடுங்கினேன். பாத்தா நீ பொண்ண கூட்டிக்கினு உங்கம்மா வூட்டுக்கு போயிடுவ. எம்புள்ளைக்கி அப்பனாட்டம் ஆனா, சோறு ஊட்ட ஆளு வேணாமா?"

"அத்தே" என்றாள் வாணி.  "சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். ஊட்டியிருப்பேன். எம்பொண்ணுக்கு அந்த இடது காதும் மிஞ்சியிருக்கும்."

தமிழுவைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பிள்ளை ஒன்றும் புரியாமல் சித்தப்பாவையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டே வந்தது. கலையரசன் எழுந்து குறுக்கே வந்தான். கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

"வாணி, பயந்துட்டேன். அவ்ளோதான். சொன்னா நெசமாயிடும்னு பயந்துட்டேன். என்ன செருப்பால அடி."

அழுதுகொண்டிருந்த அந்த முகத்தை வாணி நன்றாகப் பார்த்தாள். பதிமூன்று வருஷம் பக்கத்தில் படுத்திருந்த முகம்.

"டாக்டரு திங்கக்கெழம ரத்தம் கேட்டிருக்காங்க. எம்பொண்ணோட மிச்ச காதுக்கு அது வேணும். வந்து குடு. இவளுக்கு அப்பனா வா. எனக்கு புருஷனா வராத."

செருப்பை மாட்டிக்கொண்டு, மகளை முன்னால் விட்டு, வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். வருவானா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த அந்த மனுஷன் திங்கட்கிழமை என்ன செய்வான் என்று அவளால் சொல்ல முடியவில்லை.